அதிபர் நீக்கப்பட்டால் ஊர் கேட்க வேண்டியது என்ன?

எமது ஊர்களில் ஒரு பாடசாலை அதிபர் மாற்றப்படும்போது நடப்பவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிரந்தர ஒழுங்கு இருக்கிறது. வியாழன் மாலை கடிதம் வருகிறது. அன்றிரவே அதன் படம் வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றுகிறது. வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்றலில் பதாகைகள். ஞாயிற்றுக்கிழமை பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டில் ஒரு சந்திப்பு. திங்கட்கிழமை காலை பாடசாலை வாயிலில் பூட்டு. இரண்டு நாட்களில் எதிரணியும் கிளம்பிவிடும். "இந்த அதிபர் போகத்தான் வேண்டும்" என்று அவர்களும் ஒரு மகஜரில் கையொப்பம் திரட்டுவார்கள்.

நான் ஓர் அரச பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் சில வருடங்கள் இருந்தவன். இப்படியான இரண்டு போராட்டங்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கலந்துகொண்ட பெற்றோரில் அநேகருக்கு அதிபரை நீக்கியது யார், எந்த அதிகாரத்தின் கீழ், என்ன காரணத்துக்காக என்பது கடைசிவரை தெரியாது. அதிபர் நல்லவர் என்பது மட்டும் தெரியும். அது உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் பதில் பெற முடியவில்லை.

எதிர்ப்புத் தெரிவிப்பது பெற்றோரின் உரிமை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பு ஒரு மனிதரைச் சுற்றி எழாமல், ஒரு முறையைச் சுற்றி எழ வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. "எங்கள் அதிபரைத் தா" என்று கேட்பதைவிட, "இந்த முடிவு முறைப்படி எடுக்கப்பட்டதா?" என்று கேட்பது வலுவானது. ஏன் என்பதை விளக்குவதற்கு முதலில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

அதிகாரம் யாரிடம்?

எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே பதில் இல்லை. எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளை இந்த விடயத்தில் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தேசிய பாடசாலைகள். இவை மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் இருப்பவை. இவற்றின் அதிபர்கள் இலங்கை அதிபர் சேவையையோ, பெரிய பாடசாலைகளில் இலங்கைக் கல்வி நிர்வாக சேவையையோ சேர்ந்தவர்கள். இவர்களது நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியவை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அமைச்சின் அதிகாரிகள் ஒப்பமிடுவதும் அந்த ஆணைக்குழு கையளித்த அதிகாரத்தைக் கொண்டுதான்.

இரண்டாவது, மாகாணப் பாடசாலைகள். எமது முஸ்லிம் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை இவைதான். 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்த 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி, மாகாண அரச சேவையினரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் ஆகியவை ஆளுநரிடம் இருக்கின்றன. அவர் அதனை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். வலயக் கல்விப் பணிப்பாளர் பரிந்துரை செய்யலாம், அறிக்கை அனுப்பலாம். ஆனால் அவருடைய அலுவலகத்தின் முன் கோஷம் எழுப்புபவர்கள் பல வேளைகளில் முடிவெடுக்காத ஒருவரிடம்தான் கோபப்படுகிறார்கள்.

இந்த இரண்டு வகையிலும் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சட்டப்படியான அதிகாரம் எதுவும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் பதவி வழியாக அதிபரே. எனவே அதிபரின் நீக்கத்தைப் பற்றி அந்தச் சங்கத்தின் பெயரில் தீர்மானம் எடுத்தால், சம்பந்தப்பட்டவரே தலைமை வகித்த கூட்டத்தின் தீர்மானம் என்று அதை ஒதுக்கிவிடுவது மிக இலகு. பெற்றோர் பெற்றோராகவே கூடுவது நல்லது.

மூன்றாவது, சபைகள் நடத்தும் பாடசாலைகள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. கொழும்பு ஸாஹிராக் கல்லூரியும் அந்த மாற்றத்துக்குள் அகப்பட்டது. பின்னர் 1982ஆம் ஆண்டு தனியான சட்டமொன்றின் மூலம் அதற்கு ஓர் ஆளுநர் சபை அமைக்கப்பட்டது. இவை தவிர, அண்மைய பத்தாண்டுகளில் எமது ஊர்களில் பெருகியுள்ள சர்வதேச பாடசாலைகள் பல கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டு, பணிப்பாளர் சபைகளால் நடத்தப்படுகின்றன. சில நம்பிக்கை நிதியங்களாலும் பள்ளிவாசல் நிர்வாகங்களாலும் நடத்தப்படுகின்றன. இங்கே அதிபரின் பாதுகாப்பு அவரது நியமனக் கடிதத்திலும், சபையின் யாப்பிலும், நாட்டின் தொழில் சட்டத்திலும்தான் இருக்கிறது.

சபைப் பாடசாலைகளில் பெற்றோர் இன்னும் பலவீனமான நிலையில் இருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அரச பாடசாலையில் ஆணைக்குழு இருக்கிறது, விதிக்கோவை இருக்கிறது. சபையில் சில வேளை நான்கைந்து பேர், அதிலும் இருவர் உறவினர். ஆகவே அங்கே கேட்க வேண்டியவை இன்னும் நேரடியானவை. கூட்டத்துக்கு முறையான அறிவித்தல் கொடுக்கப்பட்டதா? நிகழ்ச்சி நிரலில் அதிபரின் விடயம் இருந்ததா? கோரம் இருந்ததா? புதிய அதிபராக வரவிருப்பவரின் உறவினர் யாரும் வாக்களித்தாரா? அதிபரை அழைத்து விளக்கம் கேட்டார்களா? கூட்டறிக்கை இருக்கிறதா?

எல்லா நீக்கமும் ஒன்றல்ல

ஊரில் எல்லாவற்றையும் "தூக்கிவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

அது சாதாரண இடமாற்றமாக இருக்கலாம். சேவையின் தேவை கருதிய இடமாற்றமாக இருக்கலாம். 60 வயதில் வரும் ஓய்வாக இருக்கலாம். பணி இடைநிறுத்தமாக இருந்தால், அதன் பின்னால் ஆரம்பப் புலனாய்வு, குற்றப்பத்திரம், முறைசார் விசாரணை என்று தாபன விதிக்கோவை வகுத்த படிகள் வர வேண்டும். அதிபருக்குத் தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும்.

எமது பாடசாலைகளில் அடிக்கடி சண்டைக்குக் காரணமாவது இன்னொரு வகை. அதிபர் சேவையில் இல்லாத ஓர் ஆசிரியர் பல வருடங்கள் பதில் கடமை அதிபராக இருந்து, பாடசாலையை வளர்த்திருப்பார். பின்னர் போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து அதிபர் சேவைக்கு வந்த ஒருவர் நியமனம் பெற்று வருவார். ஊர் பழையவருக்காக எழும்பும். அந்த உணர்வு புரிகிறது. ஆனால் இங்கே சட்டம் பெரும்பாலும் புதியவரின் பக்கம்தான் நிற்கும். அவரும் எமது சமூகத்தின் ஒருவர். படித்து, பரீட்சை எழுதி, தகுதி பெற்று வந்தவர். அவருக்கு வாயிலைப் பூட்டினால், நாளை எமது பிள்ளைகளிடம் "படித்துத் தகுதி பெறுங்கள்" என்று எந்த வாயால் சொல்வோம்?

எதிர்க்கவே கூடாத சந்தர்ப்பம்

இதைச் சொல்லாமல் விட முடியாது. அதிபருக்கு எதிரான முறைப்பாடு ஒரு பிள்ளையின் பாதுகாப்புத் தொடர்பானதாக இருந்தால், அவரை உடனடியாகப் பாடசாலையிலிருந்து விலக்கி வைப்பது தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை சாட்சி சொல்லும் பிள்ளை அதே வளவில் அவரது அதிகாரத்தின் கீழ் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த நேரத்தில் "எங்கள் சேர் அப்படிப்பட்டவர் அல்ல" என்று ஊரே திரண்டால், முறைப்பாடு செய்த அந்த ஒரு பிள்ளையும் அதன் தாயும் ஊர் முழுவதற்கும் எதிரிகளாக நிறுத்தப்படுகிறார்கள். அடுத்த பிள்ளை வாயே திறக்காது. இத்தகைய விடயங்கள் செல்ல வேண்டிய இடம் பொலிஸும், 1929 என்ற இலக்கத்தில் இயங்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும். பள்ளிவாசல் நிர்வாகம் சமரசம் பேசித் தீர்க்க வேண்டிய விடயங்கள் அல்ல இவை.

நிதி முறைகேடு என்றாலும் இதே கோட்பாடுதான். கணக்காய்வு நடக்கட்டும். சுத்தமானவர் சுத்தமானவராக வெளியே வருவார். கூட்டம் கூட்டி அவரைச் சுத்தப்படுத்த முடியாது.

கூட்டம் எமக்கு எதிராகவும் கூடும்

முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. சத்தத்தால் ஓர் அதிபரைத் தக்கவைக்கலாம் என்றால், சத்தத்தால் ஓர் அதிபரை நீக்கவும் முடியும். சிறுபான்மைச் சமூகமான எமக்கு அந்தக் கணக்கு எப்போதும் இலாபமாக முடிவதில்லை.

2018இல் திருகோணமலை ஷண்முகா இந்து மகளிர் கல்லூரியில் நடந்தது எமக்கு நினைவிருக்கிறது. அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராகப் பாடசாலை வாயிலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டார்கள். அன்று எமது வாதம் என்ன? கூட்டத்தின் அழுத்தத்துக்காக ஓர் அரச ஊழியரை இடமாற்ற முடியாது என்பதுதான். ஆசிரியைகள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் சென்றார்கள். ஆணைக்குழுவின் பரிந்துரை அவர்களுக்குச் சார்பாக அமைந்தது. அந்த வாதம் அங்கே சரியென்றால், எமது ஊர் வாயிலிலும் அது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஓர் அதிபரின் விடயத்திலேயே இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயோர்க்கில் ஓர் உதாரணம் உண்டு. 2007இல் அந்நகரின் புரூக்ளின் பகுதியில், அரபு மொழியையும் கற்பிக்கும் ஓர் அரச பாடசாலையாக கலீல் ஜிப்ரான் சர்வதேச அகடமி திறக்கப்பட இருந்தது. அதன் ஸ்தாபக அதிபராகத் தெரிவு செய்யப்பட்டவர் டெபி அல்மொன்டாசர். யெமனில் பிறந்த, ஹிஜாப் அணியும், பல வருட அனுபவமுள்ள ஆசிரியை. பாடசாலை திறக்கும் முன்பே "மத்ரஸாவை நிறுத்து" என்ற பெயரில் ஓர் எதிர்ப்புக் குழு கிளம்பியது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பத்திரிகை அவரிடம், வேறோர் அமைப்பு அச்சிட்ட டீசேர்ட் ஒன்றில் இருந்த "இன்திபாதா" என்ற சொல்லைப் பற்றிக் கேட்டது. அந்த டீசேர்ட்டுக்கும் பாடசாலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் அரபுச் சொல்லின் மூலப் பொருளை விளக்கினார். வன்முறையை அவர் நியாயப்படுத்தியதைப் போல செய்தி வந்தது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். நகர நிர்வாகம் தன்னை நிர்ப்பந்தித்தது என்றார்.

அவருக்கு ஆதரவாக முஸ்லிம்களும் அரபிகளும் மட்டுமன்றி யூதர்களும் ஏனையோரும் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் அப்பாடசாலையை முடக்க முனையவில்லை. அவர்கள் முன்வைத்த கேள்வி, அவர் என்ன சொன்னார், யாருடைய அழுத்தத்தில் நீக்கப்பட்டார் என்பதுதான். முதலில் தோல்விதான். பதவியை மீளப் பெறுவதற்காக அவர் கேட்ட இடைக்கால உத்தரவை நீதிமன்றம் மறுத்தது. ஆனால் 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவரது வார்த்தைகள் தவறாக அறிக்கையிடப்பட்டதைக் குறிப்பிட்டது. 2010இல் சம வேலைவாய்ப்புக்கான மத்திய ஆணைக்குழு, நகரக் கல்வித் திணைக்களம் அவருக்குப் பாரபட்சம் காட்டியது என்ற முடிவுக்கு வந்தது. பொதுமக்களில் ஒரு சிறு பகுதியினரின் தப்பெண்ணத்துக்குத் திணைக்களம் பணிந்துவிட்டது என்பதே அதன் சாரம்.

அவர் அந்தக் கதிரைக்குத் திரும்பவில்லை. அதை மறைக்கக் கூடாது. முறையான வழி எப்போதும் அதிபரைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் அவரது பெயரை அது திருப்பித் தந்தது. என்ன நடந்தது என்பது பதிவாகிவிட்டது. பூட்டிய வாயில்கள் இதுவரை எந்த அதிபருக்கும் அப்படியொரு பதிவைப் பெற்றுக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

என்ன செய்யலாம்?

முதல் வேலை கடிதத்தை வாசிப்பது. யார் ஒப்பமிட்டார், எந்த விதியைக் குறிப்பிட்டார், எப்போது முதல் நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பாருங்கள். ஸூரதுல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், வரும் செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு எமக்குக் கட்டளையிடுகிறது. வட்ஸ்அப் குரல் பதிவுகளுக்கும் அது பொருந்தும்.

இரண்டாவது, காலக்கெடுவைக் கவனியுங்கள். அரச அதிபர் ஒருவர் தனது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதினால், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ, மாகாண விடயமென்றால் மாகாண மேல் நீதிமன்றத்திலோ எழுத்தாணை கோரும் வழியும் உண்டு. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை இருக்கிறது. தனியார் சபையொன்றினால் நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஊர்க் கூட்டங்களிலும் அரசியல்வாதிகளின் வாக்குறுதிகளிலும் மூன்று வாரங்கள் கழிந்துவிட்டால், இந்த ஒரு மாதத்தில் மிஞ்சுவது சில நாட்கள்தான். ஆகவே பதாகைக்குச் சேர்க்கும் பணத்தில் முதற்பகுதி சட்டத்தரணிக்குப் போகட்டும்.

மூன்றாவது, இவ்வழக்குகளைப் போட வேண்டியவர் அதிபர். பெற்றோரின் கையில் இருப்பது தகவலறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனமொன்றிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிபரின் தனிப்பட்ட ஒழுக்காற்றுக் கோவையை அவர்கள் மறுக்கலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இடமாற்றக் கொள்கை என்ன, வெற்றிடம் பகிரங்கப்படுத்தப்பட்டதா, நேர்முகத் தேர்வின் புள்ளித் திட்டம் என்ன, முடிவெடுத்த அதிகாரி யார் என்பவற்றைக் கேட்கலாம்.

நான்காவது, மகஜரைச் சரியான இடத்துக்கு அனுப்புங்கள். மாகாணப் பாடசாலையென்றால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கும். தேசிய பாடசாலையென்றால் கல்வி அமைச்சின் செயலாளருக்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கும். சபைப் பாடசாலையென்றால் சபையின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியாக. அதில் அதிபரின் புகழைவிட, கேள்விகளும் பதில் தர வேண்டிய திகதியும் இருக்கட்டும்.

ஐந்தாவது, கவனயீர்ப்பு நடத்துவதென்றால் பாடசாலை விட்ட பின்னர் நடத்துங்கள். பிள்ளைகளின் கையில் பதாகையைக் கொடுக்காதீர்கள். பூட்டிய வாயிலால் சபைத் தலைவருக்கு ஒரு நாள் சங்கடம். சாதாரண தரப் பரீட்சைக்கு அமரும் பிள்ளைக்கு அந்த வாரத்தின் கணிதப் பாடம் திரும்பி வராது. வசதியுள்ளவர்கள் டியூஷனில் ஈடுசெய்துவிடுவார்கள். மீனவரின், கூலித் தொழிலாளியின் பிள்ளைதான் நஷ்டப்படும்.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை

ஊரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பெற்றோர் வீதிக்கு வருவது பெரும்பாலும் யாரும் எதையும் சொல்லாத இடத்தில்தான். காரணம் சொல்லாத கடிதம், கூட்டறிக்கை இல்லாத கூட்டம், பருவத்தின் நடுவில் திடீர் மாற்றம் ஆகியவைதான் வதந்திக்கு வழி திறக்கின்றன.

கொழும்பு ஸாஹிராவின் பொற்காலம் என்று நாம் பெருமைப்படும் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1921 முதல் 1948 வரை ரீ. பி. ஜாயா. 1948 முதல் 1961 வரை ஏ. எம். ஏ. அஸீஸ். நாற்பது வருடங்களில் இரண்டே அதிபர்கள். ஓர் அதிபருக்குத் திட்டமிடவும், தவறைத் திருத்தவும், பலனைக் காணவும் காலம் வேண்டும். மூன்று வருடத்துக்கொரு அதிபரை மாற்றும் சபை அந்தக் காலத்தைக் கொடுப்பதில்லை. நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அவரை அழைத்துக் கேளுங்கள். பெற்றோரைக் கூட்டி, சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். பாடசாலை ஓர் அமானிதம். அதை நடத்துவோர் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் அல்ல.

கடைசியாக, புதிதாக வரும் அதிபரைப் பற்றி. அநேகமாக அவர் எவருக்கும் எதிராகச் சதி செய்து வந்தவராக இருக்க மாட்டார். கையில் ஒரு நியமனக் கடிதத்தோடு வந்த ஓர் உத்தியோகத்தர். அவரை வாயிலில் நிறுத்தி, பிள்ளைகள் பார்த்திருக்க ஏசி அனுப்பிய ஊர்கள் உண்டு. பழைய அதிபருக்காக ஆணைக்குழுவில் முறையிட்டுக்கொண்டே, புதியவருக்கு ஸலாம் சொல்லிக் கதவைத் திறந்துவிடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும். முறைப்பாடு அதன் வழியில் போகும். முதலாம் பாடவேளையும் நேரத்துக்குத் தொடங்கும்.